கிணற்றடியில் ஒரு டைகர் மோத்

பழைய விமானம் ஒன்றைக் கழற்றி எறிந்தவர்கள் அதை உடனே எங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவன். ஆறு மாதம் கழித்து, "ஓ, அதுவா, அது போன மழையோடு போய்விட்டதே" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனையோ பேரை வாட்ஸ்அப்பில் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். ஒருமுறை நான் எழுதிய கண்டனத்தை எங்கள் பதிவாளரே பாதியாகக் குறைத்துத்தான் உரியவருக்கு அனுப்பினார்.

எங்கள் குழுவில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறோம். ஆளுக்கொரு நாடு. எல்லோருக்கும் ஒரே பைத்தியம், டைகர் மோத். தொண்ணூறு வருடத்துக்கு முந்திய பயிற்சி விமானம் அது. மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. இறக்கைகள் மரச் சட்டத்தில் துணி போர்த்தியவை. உலகத்தில் இப்போது எத்தனை எஞ்சியிருக்கின்றன, எங்கே, என்ன நிலையில், யாரிடம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். பார்த்துச் செய்த மாதிரிகளுக்குத் தனிப் பட்டியல். பதிவாளர் ஒரு குளிர் தேசத்து முதியவர். அவருடைய முகத்தை நான் கண்டதில்லை. வாட்ஸ்அப்பில் தன் படத்துக்குப் பதிலாக ஒரு விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியைப் போட்டிருக்கிறார். இந்தப் பக்கத்து நாடுகளில் உள்ள மாதிரிகளைச் சரிபார்க்கும் வேலையை அவர் என்னிடம் விட்டிருந்தார். எஞ்சியிருப்பதைத் தேடிக் கணக்கெடுக்கிற பழக்கம் யுத்தம் கண்ட எங்கள் கரையில் யாருக்குத்தான் இல்லை? எனக்கு அது விமானத்தில் போய் முடிந்தது.

கிழக்கிலங்கையில், கல்முனை நீர்ப்பாசன அலுவலகத்தில் வாய்க்காலும் மதகும் வரைந்துகொண்டிருந்தவனுக்கு இது எப்படிப் பிடித்தது என்று கேட்பார்கள். கொழும்பில் நடைபாதைப் புத்தகக் குவியலில் அட்டை கிழிந்த பழுதுபார்ப்புக் கையேடு ஒன்று கிடைத்தது. உள்ளே இறக்கைச் சட்டத்தின் ஒவ்வொரு விலாவுக்கும் ஒவ்வொரு மூட்டுக்கும் அளவோடு படம். படம் வரைகிறவனுக்கு இன்னொருவன் வரைந்த படம் பிடித்துவிட்டால் அவன் கதை முடிந்தது. அப்போது எனக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இந்த வேலையில் எனக்குக் கூட்டாளி ஒருவர் உண்டு. காரைதீவுத் தமிழர், தபால் கந்தோரில் வேலை பார்த்தவர், என்னிலும் ஐந்து வயது இளையவர். படம் பிடிப்பது அவர், அளப்பதும் சண்டை பிடிப்பதும் நான். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த கலவர நாட்களில் காரைதீவிலிருந்து கல்முனைக்கு வரும் அந்தச் சின்னத் தூரம் எங்கள் இருவருக்கும் கடக்க முடியாத தூரமாகிப்போனது. அப்போதும் அவர் எங்கோ வெட்டியெடுத்த விமானப் படங்களைத் தபாலில் போட்டுக்கொண்டிருந்தார். தபால் கந்தோர்க்காரர் அல்லவா, கடிதம் போய்ச் சேரும் வழி அவருக்குத் தெரியும்.

நாங்கள் செய்த முட்டாள்தனங்களில் ஒன்றையாவது சொல்ல வேண்டும். நிந்தவூருக்கு மேற்கே வயலோரத்தில் ஒரு கோழிக்கூட்டின் கூரை அலுமினியத் தகட்டால் ஆனது, அதில் வரிசையாகத் தறையாணி அடித்திருக்கிறது என்று அவருக்குத் தகவல் வந்தது. உலக யுத்தத்தில் விழுந்த ஏதாவதொரு விமானத்தின் துண்டாக இருக்கலாம். டைகர் மோத் இல்லைதான், ஆனாலும் விமானம் விமானம்தானே. இருவரும் மோட்டார் சைக்கிளில் பறந்தோம். தகட்டைத் திருப்பிப் பார்த்தால்தான் உட்புறத்து இலக்கம் தெரியும். கூட்டுக்காரப் பெண் திருப்ப விடவில்லை.

"கோழி அடையில கிடக்கு. குஞ்சு பொரிச்ச புறகு வாங்க," என்றாள்.

கெஞ்சினோம். கோழியைக் குழப்ப ஏலாது என்று சொல்லிவிட்டாள். இருபத்தொரு நாள் பொறுத்தோம். அந்த இருபத்தொரு நாளில் அந்தத் தகட்டுக்கு நாங்கள் ஒரு படைப்பிரிவையே கற்பித்துவிட்டோம், ஓட்டியவனுக்கு வயதுகூடத் தீர்மானித்துவிட்டோம். இருபத்திரண்டாம் நாள் போய்த் திருப்பினால் உட்புறத்தில் பச்சை நிறப் பூச்சும் ஒரு மணிக்கயிற்று வளையமும் இருந்தன. பழைய பஸ்ஸின் கூரை. கூட்டாளி அதையும் விடாமல் படம் பிடித்தார். நான் பட்டியலின் அடிக்குறிப்பில், "பரிசோதிக்கப்பட்டது, விமானம் அல்ல" என்று முறைப்படி எழுதி அனுப்பினேன். ஒன்பது குஞ்சு பொரித்திருந்தது என்பதை மட்டும் எழுதவில்லை.

இனி எங்கள் கிணற்றடி விமானத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கையேடு கிடைத்த பிறகு ஒரேயொரு விலாவை மட்டும் செய்து பார்க்கலாம் என்றுதான் தொடங்கினேன். ஒரு விலா வந்ததும் இன்னொன்று. உடலைத் தண்ணீர்க் குழாய்களை ஒட்டிச் செய்தேன். இயந்திரம் பொய். நாலு பால்மா டின்களை வரிசையாக நிறுத்தி மேலே மூடி போட்டிருக்கிறேன். அளவு மட்டும் அசலின் முழு அளவு. வீட்டு வளவின் பின்பக்கத்தில் கிணற்றை ஒட்டித் தகரக் கொட்டில் போட்டு அதற்குள் நிறுத்தினேன். கிணறு இடைஞ்சல் என்பதால் இடப்பக்க இறக்கைகளை மட்டும் பூட்ட முடிந்தது. வலப்பக்கத்து இரண்டும் கொட்டிலின் முகட்டில் தொங்கின. பதிவாளர் நிலை என்ற கட்டத்தில் "முழுமையானது, பாதி பூட்டப்பட்டது" என்று போட்டார். அப்படியொரு நிலை அந்தப் பட்டியலில் வேறு எதற்கும் கிடையாது.

துணி மருதமுனைத் தறியில் நெய்தது. சாரன் நெய்கிறவரிடம் போய், சாயம் வேண்டாம், கோடு வேண்டாம், இழை நெருக்கமாக இருந்தால் போதும் என்றேன். இறந்தவரைச் சுற்றவா, மையத்துக்கா என்று கேட்டார். இல்லை, விமானத்துக்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு அளவு எழுதினார்.

இறக்கைக்குத் துணி போர்த்திய பிறகு அதை விலாவோடு சேர்த்துத் தைக்க வேண்டும். மேல் துணியில் குத்திய ஊசி இறக்கைக்குள்ளே போய்க் கீழ்த் துணியால் வெளியே வர வேண்டும். அங்கிருந்து திரும்பவும் மேலே வர வேண்டும். ஒருவரால் முடியாத வேலை அது. இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, ஒரு பக்கம் நானும் மறு பக்கம் என் மனைவியும் இருந்தோம். சைக்கிள் சில்லுக் கம்பியைத் தேய்த்து நீள ஊசி செய்திருந்தேன். நூல் வலைக்கடையில் வாங்கியது, மெழுகு தடவியது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை தைப்போம். மூன்று விரற்கடைக்கு ஒரு முடிச்சு.

அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது, நடுவில் வெள்ளைத் துணி. நான் குத்துவேன், அவள் பிடித்து இழுப்பாள். அவள் குத்துவாள், நான் இழுப்பேன். முகம் தெரியாததால் வேறு நேரத்தில் கதைக்காததையெல்லாம் கதைத்தோம். சின்ன வயதில் கடலைக் கண்டு பயந்தது, நான் பெண் பார்க்க வந்த அன்று என் காதுகள் பெரிதாக இருக்கின்றன என்று நினைத்தது, எல்லாவற்றையும் அந்தத் துணிக்குப் பின்னால் இருந்துதான் சொன்னாள். முதல் இறக்கையைத் துணி விறைப்பாக நிற்கட்டும் என்று சோற்றுக் கஞ்சி போட்டு இறுக்கினேன். ஒரு மாரி காலத்துக்குள் கரப்பான்கள் அதைத் தின்று தீர்த்துவிட்டன. நான் கத்தினேன். அவள் அடுத்த துணியை வெட்டினாள். அதற்குப் பிறகு தளபாடங்களுக்குப் பூசுகிற வார்னிஷ்தான்.

மாதிரியைப் பட்டியலில் ஏற்றும் படிவத்தில் உரிமையாளர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் அதில் என் மனைவியின் பெயரை எழுதினேன்.

பக்கத்தில் இருந்த கூட்டாளிக்குத் தாங்கவில்லை. அண்ணன் முறை வைத்து என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். "என்ன நானா விசர் வேலை? செஞ்சது நீங்க. உங்கட பேரைப் போடுங்க."

"தம்பி, ஊடு அவட. வளவு அவட. கொட்டில் நிக்கிற நிலம் அவட. நிலத்தில நிக்கிற சாமானும் அவடதான். எனக்கு இஞ்ச என்ன கிடக்கு?"

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுடையது. மகளுக்குக் கலியாணம் என்றால் தாய் அந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவாள். கணவன் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போவான். இதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. பட்டியலில் பொய் இருக்கக்கூடாது என்பதுதான் என் கவலை. அவளுடைய பெயரையும் அவளுடைய தொலைபேசி இலக்கத்தையும் எழுதி அனுப்பினேன். பிறகு அதை மறந்தும்போனேன்.

போன வருடம் எங்கள் ஒரே மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. சாய்ந்தமருதுப் பையன், நல்ல பிள்ளை. அவனுடைய தாய் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். முன்மண்டபம், அறைகள், குசினி எல்லாம் பார்த்துவிட்டுப் பின்பக்கம் வந்தார். இறக்கைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். என் மனைவி தேநீர்த் தட்டோடு பின்னால் நின்றாள்.

"வடிவா இரிக்கி நானா," என்றார் அவர். "கலியாணத்துக்கு முதல் எடுத்திருவீங்கதானே? நீங்க ரெண்டு பேரும் புறகு எங்க இரிக்கிற?"

அதில் ஒரு துளி கெட்ட எண்ணமும் இல்லை. எங்களைப் பற்றிய கவலையில் கேட்டதுதான். "ஓம், எடுத்திருவம்," என்றேன்.

வேறு வழியும் தெரியவில்லை. எங்களுக்கு இரண்டு அறை கட்ட அந்தக் கிணற்றடியை விட்டால் இடமில்லை. நாடாவைப் பிடித்து அளந்தேன். எப்படி அளந்தாலும் விமானமும் நாங்களும் சேர்ந்து அதற்குள் அடங்கவில்லை. சரி, ஒரு கூத்து ஆடினோம், முடிந்தது, பிள்ளையின் வாழ்க்கைதான் பெரிது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விசிறியை மட்டும் கழற்றிக் கீழே வைத்தேன். பிறகு பதிவாளருக்கு அறிவிக்க உட்கார்ந்தேன். "கலைக்கப்பட்டது" என்று எழுதினேன், அழித்தேன். அடுத்த நாளும் எழுதினேன், அழித்தேன். ஊரெல்லாம் உடனே அறிவி, உடனே அறிவி என்று உயிரை எடுத்தவன் ஒன்பது நாள் அந்த ஒரு சொல்லை அனுப்ப முடியாமல் திரிந்தேன். என் வசவு வாங்கியவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அவர்களும் இப்படித்தான் திரிந்திருப்பார்கள் என்று அப்போதுதான் புத்திக்குப் பட்டது.

பத்தாம் நாள் காலை மகள் தாயின் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"வாப்பா, உம்மாட பிளேனுக்கு மாப்புள பேசி வந்திரிக்கி!"

ஆங்கிலத்தில் நீண்ட கடிதம். தூரதேசத்தில் ஒரு மண்டபம் கட்டியிருக்கிறார்களாம். உலகத்தின் பல பக்கங்களிலும் தனி ஆட்கள் கையால் செய்த பழைய விமான மாதிரிகளை அதில் நிறுத்தப் போகிறார்களாம். பட்டியலில் எங்களுடையதைப் பார்த்திருக்கிறார்கள். ஆட்களை அனுப்பிக் கழற்றி, பெட்டியில் அடைத்து, கப்பலில் ஏற்றுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மழை படாது, உப்புக் காற்று படாது. செய்தவர்களின் பெயரைப் பலகையில் எழுதி வைப்பார்கள். உரிமையாளரான அம்மையாரின் சம்மதம் மட்டும் ஒரு வாரத்துக்குள் வேண்டும் என்று முடித்திருந்தார்கள்.

நான் அந்தக் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கையை வைத்தேன். கலைக்கப்பட்டது என்று எழுத வேண்டியதில்லை. இப்படியொரு மண்டபத்துக்குள் போன விமானம் எங்கள் பட்டியலில் கடைசிவரை இருக்கும். வேறு யாருக்காவது இந்தக் கடிதம் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சம்மதி என்று நானே எழுதியிருப்பேன். செய்தி கேட்டு வந்த கூட்டாளி முற்றத்தில் நின்றே கையைத் தட்டினார். "நானா, நம்மட சாமான் மழை படாத இடத்தில நிக்கப்போகுது! இதுக்கு மேல என்ன வேணும்?"

மனைவி கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ பரிசு கொடுக்கிறவன்போல நான் போய் விசயத்தைச் சொன்னேன். இடமும் கிடைக்கும், நமக்கு அறையும் கிடைக்கும், விமானமும் தப்பும் என்றேன். "நீதான் உரிமையாளர். நீதான் ஓம் எண்டு சொல்லணும்," என்று பெரிய மனதோடு சிரித்தேன்.

அவள் நிமிரவில்லை. "ஏலா," என்றாள்.

"என்ன ஏலா?"

"குடுக்க ஏலா."

விளங்கவில்லையோ என்று திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். அவள் திரும்பவும் ஏலா என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருடமும் அந்தக் கொட்டில் அவளுக்கு இடைஞ்சல், என் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். உடுப்புக் காயப்போட இடமில்லை என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள்! அந்தக் கோபத்தில் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"உனக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?"

கத்தியை வைத்தாள். "ஒண்டும் தெரியா. எத்தின முடிச்சு எண்டு மட்டும் தெரியும்," என்றாள். மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். "நான் சொன்னாக் கேக்கிறல்ல எண்டா, என்னத்துக்கு என்ட பேரைப் போட்ட நீங்க?"

இரண்டு நாள் கதை இல்லை. தேநீர்க் கோப்பை மேசையில் வந்து இடிக்கும். சோறு போட்டிருக்கு என்பதை மகள்தான் வந்து சொல்வாள். பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் கூட்டாளிக்குக் கைத்தொலைபேசியில் புலம்பினேன். பிழை உங்கள் பக்கம் என்று அவரும் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் அஸர் தொழுதுவிட்டு வந்தால் கிணற்றடியில் மேசன் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். நாலு முளை அடித்திருந்தது. என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பாமலே எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"செட்டை எல்லாத்தையும் கழட்டி முகட்டில தொங்கவிடுற. வாலையும் கழட்டுற. மத்ததுக்கு ரெண்டு சில்லும் நிக்கிற இடம்தானே வேணும், மூணரை முழம். மதிலோட சேத்து நிப்பாட்டினா இந்தப் பக்கம் ஒரு அறை, ஒரு குசினி. ரெண்டு பேருக்கு என்னத்துக்கு ரெண்டு அறை?"

நான் நாடா வைத்து அளந்தவன். அவள் கையால் முழம் போட்டு அளந்திருக்கிறாள். நான் அளந்தபோது இறக்கைகள் விமானத்தோடு இருந்தாக வேண்டும் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன், ஏனென்றால் படத்தில் அப்படித்தான் இருந்தது. அவளுக்குப் படம் தெரியாது. அவள் அந்த இறக்கைகளைத் தனித்தனியாக நிமிர்த்திவைத்துத் தைத்தவள். அதனால் அவை கழற்றிவைக்கக்கூடிய சாமான்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் முளைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். பிழை ஒன்று கண்ணில் பட்டது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"விசிறியத் திருப்பிப் பூட்டினா, குசினிக் கதவு துறக்கக்குள்ள அதில முட்டும்," என்றேன்.

"அப்ப படத்தைக் கீறித் தாங்களன்," என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு என்னோடு நேராகக் கதைத்த முதல் கதை. அன்றைக்கே கீறிக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ மதகு வரைந்திருக்கிறேன், நான் இருக்கப்போகிற வீட்டை வரைந்தது அதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளையின் உம்மாவிடம் அவளே போய்ச் சொன்னாள். முன்வீடு மகளுக்கு, கிணற்றடித் துண்டு தன் பெயரிலேயே இருக்கும் என்றாள். மகள் தனக்கு அந்தத் துண்டு வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தாள். அந்த உம்மா, அதுக்கென்ன, நீங்க பக்கத்தில இரிக்கிறதுதான் எங்களுக்கு வேணும் என்றாராம். நொத்தாரிசு அப்படியே உறுதிப் பத்திரம் எழுதினார். தூரதேசத்து மண்டபத்துக்கு மகள் தட்டச்சுச் செய்தாள், தாய் சொல்லச் சொல்ல. இரண்டே வரி. கேட்டதற்கு நன்றி, இது கொடுக்கிற சாமான் அல்ல.

அறையும் குசினியும் எழும்பின. கலியாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை பின்னேரம், நானும் அவளும் இடப்பக்க இறக்கைகளைக் கழற்றினோம். கூட்டாளியைக் கூப்பிடவா என்றேன். வேண்டாம், நாம் இரண்டு பேரும் போதும் என்றாள். மேல் இறக்கை சுகமாக வந்துவிட்டது. கீழ் இறக்கையின் நுனியை அவள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். நான் உடலோடு சேர்கிற இடத்தில் குனிந்து நட்டுகளைக் கழற்றினேன். இறக்கை நடுவில் இருந்ததால் அவளுடைய முகம் தெரியவில்லை, கைவிரல்கள் மட்டும்தான் தெரிந்தன. எனக்குக் கேட்கலாம் என்று தோன்றியது.

"கோவிக்காத. சும்மா கேக்கிறன். அங்க நல்லா வெச்சிரிப்பாங்க. என்னத்துக்கு வேணா எண்ட?"

அவளுடைய விரல்கள் இறக்கையின் ஓரத்தை மாற்றிப் பிடித்தன.

"புள்ளைக்கு ரெண்டு வயசில உங்களுக்குக் கட்டாருக்கு வேலை விசா வந்துது," என்றாள். "மறந்திட்டா?"

"மறக்கல்ல."

"என்ன சொன்ன நீங்க அண்டைக்கு? கீழ்ச் செட்டை பாதியில கிடக்கு, அத முடிச்சிட்டுப் போறன் எண்ட. நாளும் போச்சு, விசாவும் போச்சு. எல்லாரும் உங்கள விசரன் எண்டாங்க. என்ட உம்மாவும்தான். நான் ஒண்டும் கதைக்கல்ல. அறைக்குள்ள போய்க் கதவச் சாத்திட்டு ரெண்டு ரக்அத் தொழுத நான்."

நட்டுக் கழற்றிக்கொண்டிருந்த சாவி நின்றது. அந்த விசாவை நான் இருபத்திரண்டு வருடமும் அவளுக்குச் செய்த குற்றமாகவே மனதில் வைத்திருந்தேன். பக்கத்து வீடுகள் வெளிநாட்டுக் காசில் மாடி ஏறும்போதெல்லாம் அவளுடைய முகத்தைப் பார்க்கக் கூசியிருக்கிறேன்.

"இந்தத் தெருவில இரிக்கிற பொண்டுகள் எல்லாரும் புருசன பிளேன்ல ஏத்தி அனுப்பிப்போட்டு, போனைப் பாத்துக்கொண்டு இருந்த ஆக்கள்," என்றாள். "என்ட ஆள இந்தப் பிளேன்தான் எங்கயும் போக விடாம ஊட்ட வெச்சிருந்திச்சு. அத நான் எப்பிடி அனுப்பிற?"

எனக்குக் கண் மறைத்தது. சொல்ல வெட்கமில்லை, அறுபது வயதில் ஒரு இறக்கைக்குக் கீழே குனிந்திருந்து அழுதேன். துணிக்கு அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

"அழுறத புறகு அழலாம்," என்றாள். "நட்டைக் கழட்டுங்க. கை நோகுது."